வேர்க்குருவும் தாய்மாமன் பத்திரிகையும்

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் குல்லாவக் கழட்டி விட்டுருங்க. பிள்ளை நெத்தி ஓரமெல்லாம் சின்னச் சின்னதாச் சிவந்திருக்கு பாருங்க. கழுத்து மடிப்ப விரிச்சுப் பாருங்க, அங்கயும் இருக்கும். இருக்கா? வேர்க்குரு. ஜன்னல் காத்து காதுல அடிக்கும்னு போட்டு விட்டிருப்பீங்க. இந்த பஸ்ஸுல வர்றது காத்தா தம்பி, அடுப்பு வாய்கிட்ட நிக்கிற மாதிரியில்ல இருக்கு. கழட்டுங்க. ம், அவ்வளவுதான். பிள்ளையப் பெத்த தங்கச்சி அசந்து தூங்குது. முழிச்சுக் கேட்டா பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்னு சொல்லிருங்க.

இந்தாங்க, இதை வச்சு விசிறி விடுங்க. பத்திரிகைதான். நடக்காமப் போன விசேஷத்துப் பத்திரிகை. கெட்டி அட்டை, மடங்காது, நல்லாக் காத்து வரும். எங்கிட்ட இன்னும் தொண்ணூத்திச் சொச்சம் கெடக்கு. தொழிலே அதுதான். திண்டுக்கல்ல பிரஸ் வச்சிருக்கேன், இருபத்திரண்டு வருசமா. கல்யாணம், காதுகுத்து, வீடு குடி போறது, எல்லாத்துக்கும் அடிப்போம். பேரு தெய்வேந்திரன்.

எதுக்குச் சொல்றேன்னா, பத்திரிகையில யார் பேரு எங்க வரணும்னு எங்க பக்கத்துல எங்கிட்டத்தான் வந்து கேப்பாங்க. பெரியப்பாவுக்குக் கீழ யாரு, தாய்மாமன் பேரு எந்த சைசு, காலமானவங்க பேரு எந்த மூலை, எல்லாம் நமக்கு அத்துப்படி. பேரு கொஞ்சம் சின்னதாப் போச்சுன்னு மண்டபத்துல பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போன ஆளுகளை எனக்குத் தெரியும். தப்புன்னு சொல்ல மாட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

எனக்கு ஒரே தங்கச்சி, கௌசல்யா. வேடசந்தூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை அருண்பாண்டி, நூல் மில்லுல சூப்பர்வைசர். நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. முறை தெரியாது, அவ்வளவுதான். போன ஆவணி கடைசியில பிள்ளை பிறந்துச்சு. பொம்பளப் பிள்ளை, மகிழினின்னு பேரு. பிறக்கும்போதே தலை நிறைய முடி. ஆறு மாசத்துல காதை மூடிருச்சு. ஏழாம் மாசம் குலதெய்வம் கோயில்ல மொட்டை போடுறதா வேண்டுதல். யார் மடியில வச்சு? தாய்மாமன் மடியில. அதாவது என் மடியில. அதுவரைக்கும் பிள்ளை தலையில கத்தி, கத்திரி எதுவும் படக்கூடாது. உங்க பக்கமும் அப்படித்தானே?

பங்குனியில ஒரு நாள் பிரஸ்ஸுல உக்காந்திருக்கேன், போன் டிங்குனுச்சு. பாத்தா பத்திரிகை. வாட்ஸ்அப்புல. அருண்பாண்டி போன்லயே செஞ்சிருக்கான். ஒரு கரடி பொம்மை பலூனைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. குலதெய்வம் கோயில் விசேஷத்துக்குக் கரடி. அடியில 'தாய்மாமன்'னு எம்பேரு, வெள்ளை மேல மஞ்சள் எழுத்து. வெள்ளை மேல மஞ்சளை யாராச்சும் போடுவாங்களா? அதுவும் எனக்குன்னு தனியா அனுப்பல. 'நம்ம சொந்தங்கள்'னு ஒரு குரூப்பு. நூத்தி நாப்பது பேரு. அதுல நானும் ஒருத்தன்.

நேர்ல வரணும் தம்பி. தங்கச்சியும் மாப்பிள்ளையும் சோடியா வந்து, தாம்பூலத் தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ வச்சு, அதுக்கு மேல பத்திரிகைய வச்சு, என்னையும் எம்பொண்டாட்டியையும் சேத்து நிக்க வச்சுக் குடுக்கணும். ஊருக்கே பத்திரிகை அடிக்கிறவனுக்குப் பத்திரிகை இல்லைன்னா எப்படி? நான் பதில் ஒண்ணும் போடல. படிச்சதுக்கு அடையாளமா எம்பேருக்கு நேரா ரெண்டு நீலக் கோடு விழுந்திருக்கும். அதுதான் என் பதில்.

விசேஷத்தன்னைக்கு நான் கோயிலுக்குப் போகல. மொட்டை நின்னு போச்சு. உங்கண்ணன் வராட்டி என்ன, வேற யார் மடியிலயாச்சும் வச்சு எடுத்துருவோம்னு மாப்பிள்ளை சொன்னானாம். கௌசல்யா ஒரே பிடியா நின்னுட்டா. எங்கண்ணன் வந்து உக்காராம எம்பிள்ளை தலையில யாரும் கை வைக்கக் கூடாது, ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டா. அவ அப்படித்தான். என்னைய எங்கயும் விட்டுக் குடுக்க மாட்டா.

அதுக்காகப் பிள்ளையப் பாக்காம இருக்க முடியுமா? ரோஷம் வேற, பாசம் வேற. ஞாயித்துக்கிழமை தவறாமப் போயிருவேன். வீட்டுக்குள்ள மட்டும் போக மாட்டேன். முறையா அழைக்காத வீட்டுப் படிய எப்படி மிதிக்கிறது? வாசல்ல வண்டிய நிப்பாட்டி அது மேலயே உக்காந்துக்குவேன். தண்ணி கூட பாட்டில்ல கொண்டு போயிருவேன். கௌசல்யா பிள்ளைய வெளிய தூக்கியாந்து காட்டுவா. நான் போய்ச் சேர பதினொண்ணு, பதினொன்றரை ஆயிரும். அந்தத் தெருவுல ஒரு மரம் கிடையாது. முக்கா மணி நேரம் அங்கனயே நின்னு கொஞ்சிட்டுத்தான் கிளம்புவேன். பாசத்துல ஒரு குறை வச்சதில்லை.

வெறுங்கையோட போக மாட்டேன். வெல்வெட்டுல ஒரு கவுனு, அடியில மூணு அடுக்கு நெட்டு, உள்ள லைனிங்கு, தோள்ல ரோசாப்பூ. காதை மூடுற கம்பளிக் குல்லா, உங்க பிள்ளைக்குப் போட்டிருந்தீங்களே, அதே மாதிரிதான். தொட்டில்ல விரிக்க ரப்பர் ஷீட்டு. பவுடர் டப்பா, இருக்கிறதுலயே பெருசு. நான் வர்றேன்னு தெரிஞ்சா கௌசல்யா அத்தனையும் போட்டு விட்டுருவா. போடலைன்னா அண்ணன் மனசு கஷ்டப்படும்னு. பிள்ளை பாக்க அம்சமா இருக்கும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அழ ஆரம்பிச்சுரும்.

சித்திரை பிறந்துச்சு, வேர்க்குருவும் ஆரம்பிச்சுச்சு. முதல்ல கழுத்துல. அப்புறம் முதுகு, அக்குளு, தொடை இடுக்கு. அப்புறம் அந்த முடிக்குள்ள, தலை பூராவும். பிள்ளை தலைய இப்படியும் அப்படியும் தொட்டில் துணியில போட்டுத் தேய்க்கும். அதுக்கும் தூக்கமில்லை, பெத்தவளுக்கும் தூக்கமில்லை. கௌசல்யாவுக்குக் கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. நான் இன்னும் ரெண்டு டப்பா பவுடர் வாங்கிட்டுப் போனேன். யாரோ சொன்னாங்கன்னு தேங்காய் எண்ணெயும் ஒரு பாட்டில். எண்ணெய்க்கு மேல பவுடர் போட்டா அது பசை மாதிரி மடிப்புல அப்பிக்கிச்சு. என்னடா இது, மாப்பிள்ளை வீட்டுல பிள்ளைய இப்படியா வச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல்.

ஒரு புதன்கிழமை, வேடசந்தூர்ல ஒருத்தருக்குப் புரூஃபு காட்டப் போனவன் அப்படியே அங்கயும் போனேன். வண்டிச் சத்தம் கேட்டதுமே கௌசல்யா கவுன மாட்டித் தூக்கியாந்துட்டா. வாசல்ல வண்டி மேல உக்காந்து பிள்ளைக்குச் சொடக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். அந்த ஊரு நர்சம்மா வந்துச்சு. தடுப்பூசி போட வீடு வீடா வர்றவங்க. கவுன அவுத்துப் பாத்தாங்களோ இல்லையோ, பிடிச்சுக்கிட்டாங்க.

"எதுக்கும்மா பிள்ளைக்கு இந்தத் தீவாளித் துணி? மெல்லிசாப் பருத்தித் துணி ஒண்ணு போதும். வீட்டுக்குள்ள இருந்தா அதுவும் வேண்டாம். யாரு இவ்வளவு பவுடர அப்பினது? வேர்வை எங்கிட்டு வெளிய வரும்? மூக்குல ஏறினா நெஞ்சுக்கும் ஆகாது. எண்ணெயும் வேண்டாம். ரெண்டு வேளை பச்சைத் தண்ணியில மேலக் கழுவி, மடிப்பு மடிப்பா ஒத்தி எடு, தேய்க்காத. காத்தாடியப் போட்டு நிழல்ல படுக்க வை. ரப்பர் ஷீட்ட எடுத்துரு. நகத்த வெட்டி விடு. சீழ் வச்சாலோ காய்ச்சல் அடிச்சாலோ ஒரு நிமிசம் யோசிக்காத, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு." எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னாங்க. அப்புறம் முடிய விலக்கித் தலையப் பாத்தாங்க. "இதை முதல்ல எடும்மா" அப்படின்னாங்க.

"மாமன் வரணும்க்கா" அப்படின்னா கௌசல்யா.

"மாமன் என்ன வெளிநாட்டுலயா இருக்காரு?"

"திண்டுக்கல்ல."

நர்சம்மா பையோட ஜிப்ப இழுத்து மூடினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க பக்கத்து வீடா?"ன்னாங்க. வெளியூருன்னேன். பொய்யில்லையே. "நீங்களாச்சும் அந்த மாமனப் பாத்தா சொல்லுங்கண்ணே. பச்சப்பிள்ளைக்குத் தலை வெந்து கிடக்கு. அவரு வெத்தலை பாக்கு வரட்டும்னு உக்காந்திருக்காராம். ஊரே சொல்லிச் சிரிக்குது."

"அவரு பக்கமும் ஒரு நியாயம் இருக்கும்ல" அப்படின்னேன். அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டுப் பையத் தூக்கிட்டுப் போயிருச்சு. கௌசல்யா குனிஞ்ச தலை நிமிரல. இவர்தான் அந்த மாமன்னு அவ சொல்லியிருக்கலாம். சொல்லல.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். நர்சம்மா சொன்னதுலயும் விசயம் இருக்குன்னு பட்டுச்சு. மாப்பிள்ளைக்கு முறை தெரியாது, தெரிஞ்ச நாமதான் எறங்கிப் போகணும். பத்திரிகைய நானே அடிச்சு அவன் கையில குடுத்துட்டா, அவன் அதைத் தட்டுல வச்சு என் கையில குடுத்துரலாம். யாருக்கும் சிரமமில்லை. வைகாசியில, பிள்ளைக்கு ஒம்பதாம் மாசம், நல்ல நாள் ஒண்ணப் பாத்து நூறு பத்திரிகை போட்டேன். வாசகம் எழுத ரெண்டு நாள். அட்டை மதுரையிலருந்து வர நாலு நாள். அம்மன் படம் முகம் சரியில்லைன்னு மாத்தினேன். தாய்மாமன் பேர மட்டும் தங்கக் கலர்ல அடிச்சேன். விரலை லேசா எடுங்க தம்பி, அந்தா தெரியுதுல்ல, மினுமினுன்னு. ஒரு வாரத்துக்கு மேல ஓடிருச்சு. செய்யிற வேலை சுத்தமா இருக்கணும்ல.

கடைசிப் புரூஃபப் பாத்துக்கிட்டு இருக்கேன், காலையில பத்து பத்தரை இருக்கும், போன் அடிக்குது. கௌசல்யா. எடுக்கல. போன்லயே அழைச்சு வேலைய முடிச்சுரலாம்னு பாக்குறாங்கன்னு நினைச்சேன். எடுத்துட்டா அழைச்ச மாதிரி ஆயிரும்ல? மறுபடி அடிச்சுச்சு. எடுக்கல. மூணாவது தரம் ரொம்ப நேரம் அடிச்சுச்சு. மெஷின ஓட விட்டுட்டேன், அந்தச் சத்தத்துல கேக்கல. கேக்கலைன்னு இல்ல, கேட்டுச்சு.

மறுநாள் பத்திரிகைக் கட்டத் தூக்கிட்டு வேடசந்தூர் போனேன். வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லுச்சு, பிள்ளைக்குக் காய்ச்சல், தலையெல்லாம் சீழ் வச்சிருச்சு, முந்தாநாள்லருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரியில கிடக்குன்னு. எங்க பிரஸ்ஸுலருந்து அந்த ஆஸ்பத்திரி நடந்து போனா பத்து நிமிசம்.

கட்டக் கையில பிடிச்சுக்கிட்டே வார்டுக்குள்ள ஓடினேன். கௌசல்யா கட்டில்ல உக்காந்திருக்கா. பக்கத்துல பிள்ளை. தலையில முடி இல்லை. ஒட்ட எடுத்திருக்கு. தலை பூரா மருந்து தடவியிருக்கு, அதுக்குள்ள புண்ணு புண்ணாத் தெரியுது. மேல ஒரு வெள்ளைப் பருத்திப் பனியன், வேற ஒண்ணுமில்லை. வாயத் தொறந்து தூங்குது. அந்தப் பிள்ளை அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லை.

அவதான் சொன்னா. சீழ எடுத்து மருந்து போடணும், இப்பவே முடிய எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம். மெஷின் வச்சு எடுக்கிறவரும் வந்து நிக்கிறார். பிள்ளைய யாராச்சும் மடியில வச்சு ஆடாம அசையாமப் பிடிக்கணும். அருண்பாண்டி மில்லுல, லீவு சொல்லிட்டு வந்து சேர மத்தியானம் ஆயிரும். இவ மடியில வச்சா பிள்ளை பாலுக்குத் திமிறுது. அண்ணன் பக்கத்துல தானே இருக்கார்னு எனக்குப் போட்டிருக்கா. மூணு தரம்.

அப்புறம் அடுத்த கட்டில்ல ஒருத்தர். மாயன்னு பேரு, தேங்கா உரிக்கிற வேலை. அவர் மகனுக்கு வயித்துப்போக்குன்னு சேத்திருக்கார். "அண்ணே, கொஞ்சம் வர்றீங்களா" அப்படின்னு கூப்பிட்டாளாம். ஒரு தரம்தான். டீ குடிச்சுக்கிட்டு இருந்த மனுசன் டம்ளரக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாராம். தரையில சம்மணம் போட்டு உக்காந்து பிள்ளைய மடியில வாங்கிக்கிட்டாராம். சாமிக்கு வேண்டின முடிண்ணேன்னு இவ அழுதிருக்கா. அவர் தோள்ல கிடந்த துண்ட விரிச்சு, ஒரு முடி கீழ விழாம ஏந்தி, முடிச்சுப் போட்டு இவ கையில குடுத்தாராம். முடிஞ்சதும் வெளிய போயி அந்தப் பனியன வாங்கியாந்து போட்டு விட்டிருக்கார். "மாமன் மடின்னா சீரு ஒண்ணு வேணும்ல தாயி" அப்படின்னாராம்.

எனக்கு முதல்ல கோவந்தான் வந்துச்சு. மறைக்காமச் சொல்றேன். எம்மடிய எவரோ ஒருத்தர் எடுத்துக்கிட்டாரேன்னு. அப்புறம் மறுபடியும் பிள்ளை தலையப் பாத்தேன். அழுதுட்டேன் தம்பி. நாப்பத்தாறு வயசு எனக்கு, வார்டுல அத்தனை பேர் பாக்க அழுதேன். ரெண்டு கையிலயும் பத்திரிகைக் கட்டு, கண்ணத் துடைக்கக் கூடக் கை இல்லை.

கௌசல்யா ஒரு வார்த்தை திட்டல. "உக்காருண்ணே" அப்படின்னா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் கொண்டு போன கட்டப் பிரிச்சு ஒரு பத்திரிகைய உருவி, அதை வச்சுப் பிள்ளைக்கு விசிற ஆரம்பிச்சா. படிச்சுப் பாக்கல. தங்கக் கலர்ல எம்பேரு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிட்டு வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, அட்டை நல்ல அட்டைன்னு. அன்னையிலருந்து எங்க போனாலும் பையில நாலு வச்சிருப்பேன்.

இப்ப பிள்ளை நல்லா இருக்கு. முடி மறுபடி பூனை ரோமம் மாதிரி முளைச்சிருக்கு. அந்தத் துண்டு முடிச்ச அப்படியே கொண்டு போய்க் கோயில்ல போட்டுட்டு வந்துட்டாங்க. வேண்டுதல் அதோட முடிஞ்சுது. இனி பதினொண்ணாம் மாசம், இந்த ஆனி கடைசியில காதுகுத்து. காது குத்த உன் மடிதாண்ணே, அதுல மாத்தமில்லைன்னு கௌசல்யா சொல்லிட்டா. ஆனா ஒண்ணு சொன்னா. "மாயண்ணனும் வரணும். சும்மா விருந்தாளியா இல்ல, மாமனா வரணும். நேர்ல போயி, தாம்பூலம் வச்சு, நீதான் அழைக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல." எங்கிட்டயே சொல்றா.

அதுக்குத்தான் போறேன். மேல வச்சிருக்கிற அந்த மஞ்சப் பையில தட்டு இருக்கு. புதுப் பத்திரிகையும் இருக்கு. இருபத்திரண்டு வருசத்துல நான் இப்படி ஒரு பத்திரிகை அடிச்சதில்லை. 'தாய்மாமன்கள்'னு போட்டு ரெண்டு பேரு. அவர் பேரு மேல, எம்பேரு கீழ. வேற காரணம் ஒண்ணுமில்லை. அவரோடது மூணே எழுத்து, என்னது நீளம். சின்னது மேல, பெருசு கீழ வந்தாத்தான் பார்வைக்கு நிக்கும். தொழில் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க.

வழி கேக்க நேத்து அவருக்குப் போன் போட்டேன். முதல் ரிங்குலயே எடுத்துட்டார். இந்த மாதிரி, நேர்ல வந்து பத்திரிகை வைக்கணும்னு சொன்னேன். "இந்த வெயில்ல எதுக்குங்க அம்புட்டுத் தூரம் வர்றீங்க, வாட்ஸ்அப்புல அனுப்பி விடுங்க, வந்துர்றேன்" அப்படிங்கிறார். அனுப்புனா அந்த மனுசன் நிசமாவே வந்துருவார் தம்பி. அதான் கிளம்பிட்டேன்.

அவர் ஊரு, கோம்பைப்பட்டி விலக்கு வந்துருச்சு போல. அந்தப் பைய எடுத்துக் குடுங்க. பாத்து, பூ நசுங்கிரும். அட்டைய நீங்களே வச்சுக்கங்க, விசிறுறத நிப்பாட்டாதீங்க. குல்லாவ மறுபடி போட்டுறாதீங்க.

ஆமா, கேக்க மறந்துட்டேன். இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்காரா? இருக்காரா, நல்லது. போன் அடிச்சா எடுக்கச் சொல்லுங்க.